இங்கிலீஷ் கேட்டு உபவாசமிருந்தேன்

கனடா தேசத்து அதிகாரியிடம் இங்கிலீஷில் பேசி, ஒரே பேச்சில் விசா வாங்கியவன் நான்.

பொய். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ் சார், நோ சார், ராடு. கடைசியில் சொன்னது வெல்டிங் ராடு. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையில் சாட்சியாகப் படிக்க, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மனைவி எஸ்தர். எட்டாவது வரை படித்தவள். நான் மூன்றாவதோடு நின்றுவிட்டேன், பள்ளிக்கூடம் பிழைத்தது.

"பொய்யில ஆரம்பிக்கிற சாட்சிய எந்தச் சபையிலய்யா படிப்பாங்க?" என்கிறாள். அதையும் எழுதிவிடு என்றேன்.

இந்த அறுபத்தொன்பதாம் வருஷம், பொங்கல் முடிந்த சமயம். எண்ணூர்ப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த பவர் ஹவுஸில் பாய்லர் வேலை முடியப்போகிறது என்று பேச்சு. சனிக்கிழமை தோறும் கூலி கொடுக்கும்போதே காண்டிராக்டர் சிலரைப் பார்த்து, திங்கட்கிழமை வராதே என்பார். அடுத்தது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

எங்களுக்கு வள்ளூரில் ஒரு குடிசை. மண் எங்களுடையது அல்ல, நிலத்துக்காரருடையது. என் அப்பா அவர் வீட்டுப் பண்ணையாளாகவே செத்தார். நான் வெல்டிங் கற்றுக்கொண்டு தப்பி ஓடினவன். ஒருநாள் ஏரிக்கரையில் அவர் என்னை நிறுத்தினார்.

"இன்னா தாசு, பாய்லர் வேல முடியப்போவுதாமே? மாட்டுக்கொட்டாயில ஆள் இல்லாம கீது. உன் பொஞ்சாதி வேற முழுவாம கீறாளாமே. ஆம்பளப் புள்ளயா பொறந்தா மாடு மேய்க்க ஆவும். இஸ்டம் இல்லன்னா குடிசைய பிரிச்சிக்கினு போ."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். எனக்கு வேலை போகப்போகிறது, பிறக்காத என் பிள்ளைக்கு அதற்குள் வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் இதைத் தமாஷாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். எனக்கும் அதற்குமேல் தமாஷ் வரவில்லை.

என்னோடு வேலை செய்த முனுசாமி அண்ணன்தான் கனடா சங்கதியைச் சொன்னவர். பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற குடும்பம், இவர் மட்டும் இரும்புக்கு வந்துவிட்டார்.

"அந்த ஊர்ல வெல்டருக்கு மார்க்கு போட்றாங்கோ நைனா. சிபாரிசு கேக்கறதில்ல, சாதி கேக்கறதில்ல. நூத்துக்கு அம்பது எடுத்தா விசா."

"நான் எந்தப் பரிச்சையில அம்பது எடுத்தேன்?"

விண்ணப்பத்தை அவரே ஆள் பிடித்து எழுதி அனுப்பினார். வயசுக்கு மார்க்கு உண்டு. தொழிலுக்கு உண்டு. படித்த வகுப்பு ஒவ்வொன்றுக்கும் உண்டு, அதில் என் பங்கு மூன்று. இங்கிலீஷுக்குத் தனி. அப்புறம், அதிகாரி ஆளைப் பார்த்து மனசுக்குப் பட்டபடி போடுவது ஒன்று. பேட்டிக்குக் கடிதம் வந்ததும் முனுசாமி அண்ணன் கூட்டிக் கழித்துப் பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இங்கிலீஷ் இல்லன்னா, அந்தாளு கையில கீற மார்க்க அப்டியே உனுக்குக் கொட்டணும். கொட்டுவானா? உன் மூஞ்சிக்கு?"

என் மூஞ்சி எனக்குத் தெரியும். அதனால் ஆண்டவரிடம் இங்கிலீஷையே கேட்பது என்று முடிவு செய்தேன். வேதத்தில் பெந்தெகொஸ்தே நாளில் மீன் பிடித்த சீஷர்களுக்கெல்லாம் படிக்காமலே பாஷை வந்ததே, ஒரு வெல்டருக்கு வராதா? பேட்டிக்கு முந்தின வாரம் பகலெல்லாம் வெறும் தண்ணீர். பாஸ்டர் ஐயா கேள்விப்பட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்.

"யோவ் தாசு, அந்நியபாஷ வரம் இன்டர்வியூக்காய்யா குடுக்கறாரு? பேசாம யாருகிட்டயாவது ஏ பி சி டி கத்துக்க."

"அதுக்கு டைம் இல்ல ஐயா. அதான் நேரா மேலயே கேட்டுகினு கீறேன்."

திட்டினார். ஆனாலும் தலையில் கை வைத்து ஜெபித்துத்தான் அனுப்பினார்.

மெட்ராஸில் ஒரு ஹோட்டல் அறையில் பேட்டி. மேஜைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல கோட்டுப் போட்ட ஒருவர். அதிகாரி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நான் கண்ணை மூடி வாயைத் திறந்தேன். திறந்தபடியே இருந்தேன், பல் பிடுங்க வந்தவன் மாதிரி. ஒன்றும் வரவில்லை.

"ஏம்பா, எதுக்கு வாயைத் திறந்து வச்சிருக்கே? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் கோட்டுக்காரர்.

"இங்கிலீஷ் வரும்னு பாத்துகினு கீறேன் சார்."

"எங்கேருந்து?"

"மேலருந்து."

அவர் விட்டத்தைப் பார்த்தார். ஒரு காற்றாடிதான் சுற்றிக்கொண்டிருந்தது. என் வயிறு பசியில் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தியது. உள்ளுக்குள் சொன்னேன்: ஆண்டவரே, பாஷை வேண்டாம். என் பிள்ளையை அந்தக் கொட்டாய்க்கு மட்டும் அனுப்பாதேயும். அவ்வளவுதான் என் ஜெபம்.

பிறகு வாய் தானாக ஓடியது. உபவாசம், பாஸ்டர் திட்டினது, நிலத்துக்காரர் பேச்சு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் கோட்டுக்காரர் உதட்டுக்குள் சிரித்தபடிதான் மாற்றிச் சொன்னார். கொட்டாய் வந்த இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ஊர் முழுக்க இங்கிலீஷ் பேசுகிற இடத்தில் போய் என்ன செய்வாய் என்று அர்த்தம்.

"கொழந்த எப்டி சார் கத்துக்குது? எம்புள்ளயும் நானும் ஒண்ணாவே கத்துக்கறோம். அது எனுக்கு முன்னாடி பாஸாயிடும், பரவால்ல."

அதிகாரி நாற்காலி ஆடுகிற மாதிரி சிரித்தார். அந்தப் பதிலை நான் யோசித்து எடுத்துப் போகவில்லை, சத்தியமாக. ஆண்டவரிடம் பாஷை கேட்டேன். என் பாஷையிலேயே கொடுத்தார்.

ஆனால் முடிவு தபாலில் வரும் என்று, கையில் ஒன்றும் கொடுக்காமல்தான் அனுப்பினார்கள். பங்குனியில் என் வேலையும் போயிற்று. குடிசை நிற்கவேண்டுமே, நிலத்துக்காரர் கொட்டாயில் சாணி அள்ளப் போனேன். "கனடா தொர வந்துட்டாரு, கூடைய எட்றா" என்று கூப்பிடுவார்கள். தினமும் தமாஷ் பேசுகிற நான் தமாஷ் ஆகிப்போனேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் தூக்கம்தான் வரும். அந்த மாதங்களில் விசுவாசத்தை விடாமல் பிடித்திருந்தவள் எஸ்தர்தான், நான் அல்ல. இந்த வரியை எழுத அவளுக்கு வெட்கம். எழுது என்கிறேன்.

இந்த ஆடி மாதத்தில்தான் தபால் வந்தது. விசா. முனுசாமி அண்ணன் அதை ஒன்றுக்கு இரண்டு தடவை படிக்கவைத்துக் கேட்டார்.

"இங்கிலீஷுக்கு முட்டதான் போட்டிருப்பான். அப்பிடின்னா கையில கீறத முழுசா கொட்டிட்டான்யா உன் மூஞ்சிக்கு!"

மூஞ்சிக்கு அல்ல என்று எனக்குத் தெரியும். அன்றையிலிருந்து ஜெபிக்க முழங்கால் போட்டால் தூக்கம் வருவதில்லை. ஆண்டவருக்குக் கோடி நன்றி. மறுநாள் காலையில் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். ஐயா, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றேன். அவர் ஊஞ்சலை நிறுத்தி...

"போதும்யா, எழுந்திரு."

"இரு எஸ்தரு, முக்கியமான எடம் இனிமேதான்."

"எனுக்கு வலி எடுத்துகினு கீது. ஓடிப்போயி மருத்துவச்சிய இட்டுகினு வாய்யா!"

எஸ்தர் பேனாவைப் போட்டுவிட்டாள்; 'போதும்யா' என்பதிலிருந்து என் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உதடு வெளுத்திருக்கிறது. படிக்கிறவர்களே, உங்களுக்குத் தெரிந்த பேச்சிலேயே எங்களுக்காக ஆண்டவரிடம் கேளுங்கள். அவருக்குப் புரியும். நான் ஓடுகிறேன்.