நான் விட்ட முனை

தறிக்கான பாவு நூலை மண்ணில் விழவிட்டது நான்; அடி வாங்கியது சாந்தாராம்.

நேற்று டிவியில் படகுப்போட்டி. வர்ணனையாளர் 'புல் யுவர் வெயிட்' என்றார். உன் பங்கைச் செய் என்ற பொருள் தெரியும். எப்படி வந்ததென்று தேடினேன். துடுப்புப் போடுகிறவன் தன் உடல் எடையை நகர்த்தும் அளவுக்காவது துடுப்பை இழுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு அவன் சுமை.

எழுபதுகளில் எங்கள் மதுரைத் தெருவில் கஞ்சி தோய்த்த பாவு நூலை நீளமாக இழுத்துப் பிடித்துக் காயவைப்பார்கள். ஒரு முனையில் நானும் நெசவாளர் மகன் சாந்தாராமும். ஒருநாள் பட்டம் பார்த்தபடி நான் பிடியைத் தளர்த்தினேன்.

"எவன்டா விட்டது?" என்றார் அவன் அப்பா. அவனைக் கைகாட்டினேன்.

இன்று அவன் வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் மாப்ள. அம்புட்டு பாரமும் என் கைக்குல்ல வந்துச்சு."

"அப்பவே ஏன்டா சொல்லலை?"

"சொன்னா எங்கப்பா உன்னோட சேரவிட மாட்டாரு. அப்புறம் நான் யாரோட விளையாட?"