ஆர்புவாவில் துப்பாத மனிதர்

மகள் தேவாலயத்தில் முதல்நன்மை எடுக்கும் நாள் விருந்துக்குப் பன்னிரண்டு போத்தல் சிவப்பு வைன் வேண்டும். லோசான் கடைகளில் வாயில் வைக்கக்கூடியது இருபது பிராங்குக்குக் குறையாது. எல்லை தாண்டினால் பாதி விலை என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகளை அயல்வீட்டில் விட்டுவிட்டு நானும் கணவர் அன்ரனும் வெளிக்கிட்டோம். வலோர்ப்பில் எல்லை கடந்து, பொந்தார்லியே ஊடாக, பிரான்சின் ஜூரா மலைப்பக்கத்து ஆர்புவாவுக்கு நூறு கிலோமீட்டர் அளவில் வரும். ஓட்டியது அன்ரன். லோசானில் பஸ் ஓட்டுவதுதான் அவருடைய வேலை. என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் தரிப்பிடத்துக்கு அப்பால் ஓட்ட விடமாட்டார்.

ஆர்புவாவில் மத்தியானம் தாண்டியும் ஏறி இறங்கிய பெரிய கடைகளில் பதினெட்டு யூரோ கேட்டார்கள். பின்தெருவில் ஒரு திராட்சைத் தோட்டக்காரரின் நிலவறையில் ஒன்பது யூரோவுக்கே இருந்தது. முதலில் ஊற்றியது வெறும் தேத்தண்ணி போல வெளிறிய சிவப்பு. எங்கள் ஆட்டிறைச்சிக் கறிக்கு முன்னால் நிற்காது. நான் சுவைத்துவிட்டு, அருகில் வைத்திருந்த வாளியில் துப்பினேன்.

“இஞ்சாரும், என்ன வேலை பாக்கிறீர்?” என்று அன்ரன் சீறினார். “அந்த மனுசன் ஆசையாத் தாறார், நீர் முகத்துக்கு முன்னாலை துப்புறீர்!”

“துப்பத்தானே வாளி வைச்சிருக்கு.”

“அது அவையளுக்கு. தந்ததைத் துப்பிறது எங்கட பழக்கமோ?”

மரியாதையைக் காப்பாற்ற என்னுடைய கிளாசையும் சேர்த்துக் குடித்தார். தோட்டக்காரருக்குச் சந்தோசம் தாங்கவில்லை, இன்னும் ஊற்றினார். நான் ஒவ்வொன்றாய்ச் சுவைத்துத் துப்பி, துரூசோ என்ற கடுஞ்சிவப்பைத் தெரிவுசெய்து காசு கொடுத்து முடிப்பதற்குள் இவருக்குக் கண் சிவந்துவிட்டது.

காரடியில், “எனக்கு ஒண்டுமில்லை, நான் ஓடுறன்” என்றார். பிடிபட்டால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் பஸ் வேலையும் போகும். அப்போதே மூன்றரை மணி, வெறி தெளியும்வரை நிற்கவும் வழியில்லை. அயல்வீட்டுக்காரி மாலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுவாள்.

“கார்த் திறப்பைத் தாங்கோ.”

“மலை றோட்டப்பா!”

“தாங்கோ எண்டுறன்!”

பிடுங்கினேன். வளைவுகளில் பனிப்புகார் இறங்கியிருந்தது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தபடியே வந்தது. மாதாவே, மாதாவே என்றுதான் ஓட்டினேன்.

“கியரை மாத்தும்!”

“வாயை மூடுங்கோ, கார் முழுக்க மணக்குது!”

பொந்தார்லியேவுக்கு முன்னால், சுற்றுவட்டத்தில் இரண்டு பொலிஸ்காரர் கையைக் காட்டினார்கள். கண்ணாடியை இறக்கினேன். ஊது என்று ஒரு கருவியை நீட்டினார் ஒருவர். மணம் போகாமல் அன்ரன் வாயைப் பொத்தினார். ஊதினேன். சைபர்! பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார், பின்சீட்டுப் போத்தல்களைப் பார்த்தார், இவருடைய கண்ணைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு போகச் சொன்னார். பதற்றத்தில் அவர்கள் முன்னாலேயே இரண்டு முறை எஞ்சினை அணைய விட்டேன்.

ஆளுக்கு ஐந்து லீற்றர் கொண்டுவரலாம் என்பதால் எல்லையில் தொல்லை இல்லை. ஐந்தே முக்காலுக்கு லோசான் வீடுகள் தெரிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. போத்தலுக்குப் பத்துப் பிராங்கை மிச்சம்பிடிக்கப் போய், அவருடைய வேலையை அல்லவா பணயம் வைத்தோம்.

விருந்தன்று, ஒரு விருந்தாளி கிளாசைத் தூக்கி, “அண்ணை, நல்ல சாமான்! ஆர் தெரிஞ்செடுத்தது?” என்று கேட்டார்.

அன்ரன் கறிச்சட்டிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“என்ர மனுசிதான். துப்பித் துப்பித் தெரிஞ்செடுத்தவ. கொண்டுவந்து சேத்ததும் அவதான்.”