டான்சிலுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

எட்டு வயசில் எனக்கு மாதம் தவறாமல் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வரும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். திருப்பதி டாக்டர் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டான்சிலை எடுத்துவிடலாம், வீட்டில் பேசிக்கொண்டு வாருங்கள் என்றார். ஆபரேஷன் முடிந்தால் ஐஸ்கிரீம்தான் சாப்பாடு என்றாள் நர்ஸ். நான் அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

ஆனால் வீட்டில் முடிவு பண்ணுவது அத்தை. நைனா என்று நான் கூப்பிடுகிற அப்பாவின் அக்கா. அம்மா இல்லாத என்னை வளர்த்ததும் அவள்தான்.

"தொண்டையில கத்தி வெச்சா கொரலு பூடும்டா. ஊமைப் பொண்ண எவன் கட்டிக்கினு போவான்?"

"டாக்டரு படிச்சவருக்கா..."

"அவரு பெத்த பொண்ணா இது?"



எங்கள் நகரிப் பக்கத்தில் இப்படி இழுபறி வந்தால் கெங்கம்மா கோயிலில் பூக்கட்டிச் சாமியைக் கேட்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். குழந்தை எடுத்தது வெள்ளையானால் செய்யலாம், சிவப்பானால் கூடாது. நைனாதான் பூவரச இலையில் மடித்துக் கட்டினார். எடுக்கிற குழந்தை நானேதான்! கை பரபரக்க எடுத்துப் பிரித்தால், வெள்ளை நந்தியாவட்டை! நான் குதித்த குதியில் குங்குமத் தட்டு உருண்டது.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவளே சொல்ட்டா. இட்டுக்கினு போடா."

அவள் மனசு மாறுவதற்குள் நைனா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வழியில் கைக்குட்டை எடுக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பொட்டலம் விழுந்தது. பிரித்தேன். அதுவும் வெள்ளை.

"நைனா! கெங்கம்மா செவப்பக்கூட வெள்ளையா மாத்திட்டா!"

"ஆமாண்டி கண்ணு. அத்தைகிட்ட சொல்லாத" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட ஒரு பேப்பரை நீட்டினார்கள். ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிற மனுஷன், தன் பேரைப் போட முடியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் நான் கூப்பிட்டால் நாலு வீடு தாண்டிக் கேட்கும். ஆனால் ஏதாவது ஆகியிருந்தால், சாமி சொல்லித்தானே செய்தோம் என்று அத்தை மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். நைனாவுக்கு அந்த வழியும் கிடையாது. அது அப்போது எனக்கு எங்கே தெரிந்தது? அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "குடு நைனா, நானே போடறேன்" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.