கடைசல் இயந்திரத்துக்குப் போட்ட மாலை

"நம்ம பிள்ளைகளிடம் திறன் இல்லை" என்று விழுப்புரத்தில் நடந்த கூட்டத்தில் ஒருவர் பேசினார். பள்ளிகளை இன்றைய வேலைகளுக்கு ஏற்ப மாற்றுவது பற்றிய கூட்டம். தலைமையாசிரியர்கள் கைதட்டினார்கள். ஓய்வுபெற்றவன் என்று என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் கைதட்டவில்லை. திறன் தானாக இல்லாமல் போனதா, நாம் இல்லாமல் ஆக்கினோமா? ஆக்கியவர்களில் நானும் ஒருவன்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். தொழிற்கல்விப் பிரிவுக்குப் புதிதாக ஒரு லேத் வந்தது. இரும்பைச் சுழலவிட்டுச் சீவி வடிவம் கொடுக்கும் கடைசல் இயந்திரம். வந்த அன்றே அறையைப் பூட்டிச் சாவியை என் மேசைக்குள் போட்டுக்கொண்டேன். ஏதாவது உடைந்தால் தணிக்கைக்கு வருபவர்களிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதில் ஒரு பிள்ளையாவது வேலை கற்றதா என்று எந்த அதிகாரியும் என்னைக் கேட்டதே இல்லை.

ஆயுத பூஜைக்கு மட்டும் அறையைத் திறப்போம். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, பொரி, சுண்டல். பிள்ளைகள் வரிசையாக வந்து இயந்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவர்கள் அதைத் தொட்டது அவ்வளவுதான். செய்முறைத் தேர்வில் எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

மயிலம் பக்கத்து மாணவி ஒருத்தி. அப்பாவும் அம்மாவும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போகிறவர்கள். பூஜையன்று அவள் மட்டும் நகராமல் நின்று கேட்டாள்.

"சார், கரண்ட்டு போட்டு ஒரு வாட்டி ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

"ஒடச்சிப்புட்டா உங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்? பொரிய வாங்கிக்கினு கெளம்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் பொரிக்குக் கை நீட்டினாள்.

அவள் படிப்பை முடித்ததும் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். மதிப்பெண்ணைப் பார்த்து அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நான்தான் பெருமையாக அழைத்துப்போனேன். இந்த வேலை கிடைத்தால் அம்மாவைக் கூலிக்கு அனுப்ப வேண்டாம் என்று பேருந்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மேற்பார்வையாளர் ஓர் இரும்புத் தண்டை அவள் கையில் கொடுத்தார். "மாட்டி, கொஞ்சம் கடைஞ்சி காட்டும்மா."

அவள் இயந்திரத்தின் அருகே போனாள். தொட்டாள். விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, சாமி கும்புட வந்தியா, வேலைக்கு வந்தியா?" என்றார் அவர்.

கூடமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். திரும்பும் பேருந்தில், "ஒனக்குத் தைரியம் பத்தலம்மா" என்று வேறு சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலை வேறு யாருக்கோ போனது.

அதே பேச்சைத்தான் விழுப்புரத்தில் இப்போது மேடை போட்டுப் பேசுகிறார்கள். பள்ளிகளுக்குப் புதுக் கருவிகள் வாங்கியாயிற்று என்று அறிவித்ததும் நான் எழுந்தேன்.

"அத வெச்சிருக்கற ரூம் சாவி யாருகிட்ட இருக்கு?"

"எச்.எம். கிட்டதான் சார். காஸ்ட்லி ஐட்டமாச்சே!" என்றார் அறிவித்தவர்.

"அப்ப இன்னாத்துக்கு வாங்குனீங்க? மாலை போடவா?"

"சார், இந்த வயசுல டென்ஷன் ஆவாதீங்க. டீ சாப்புடுங்க" என்று ஒருவர் என் தோளை அமுக்கி உட்காரவைத்தார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். திண்டிவனத்தில் இறங்கி நேராக ஜவுளிக்கடைக்குப் போனேன். அந்தப் பெண் அங்கேதான் இப்போது வேட்டி, துண்டு விற்கும் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறாள். எத்தனையோ முறை அந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை.

"அன்னிக்கி ஒன்ன ஓட்ட வுட்டிருக்கணும்மா. தப்பு ஒம்மேல இல்ல, எம்மேல."

அவள் ஒரு வேட்டியை உதறி என் முன்னால் விரித்தாள்.

"அத்த வுடுங்க சார். தொட்டுப் பாத்தே எடுங்க. இங்க எதையும் பூட்டி வெக்கல."

எனக்குக் கை நீளவில்லை.