பிழை பிடிக்கிற வேலை

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயப் போட்ட கம்பளிக் கையுறையின் மணம்... அதோடு அப்போதுதான் சீவிய பென்சிலின் மணம். கனடாவில் என் முதல் வேலையை நினைத்தால் இந்த இரண்டும்தான் மூக்கில் வந்து நிற்கும்.

நான் மொன்ட்ரியாலுக்கு நேரே வந்தவள் இல்லை. இடையில் இந்தோனேசியாவில், போகோர் பக்கம், அகதிப் பதிவோடு ஆறு வருடம் காத்துக் கிடந்தேன். மகன் மன்னாரில் என் தங்கச்சியோடு. போகோர் சந்தையில் மரக்கறிக்காரிகளோடு வாயடித்தே இந்தோனேசிய பாஷையைப் பிடித்துவிட்டேன். அது இந்தக் குளிர் நாட்டில் சோறு போடும் என்று யார் கண்டது?

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மீனா மேடம், சென்னைக்காரர், இந்தோனேசியப் பிள்ளைகள் எழுதும்போது என்னென்ன பிழை விடுகிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மாமாருக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்து எழுதிய கடிதங்கள், பெயர் அழித்த பிரதிகளாகக் கட்டுக் கட்டாக வந்திருந்தன. எழுத்துப் பிழைக்குச் சிவப்பு, இலக்கணப் பிழைக்கு நீலம். நானும், ஜாவாவிலிருந்து படிக்க வந்த ஸ்ரீ என்ற பெண்ணும் ஒரே கடிதத்தைத் தனித்தனியாகக் குறிப்போம். வெள்ளிக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் மேடம். ஒத்துப்போகாவிட்டால் ஒரு மாதத்தோடு எனக்கு வேலை இல்லை.

எனக்கோ அந்த வேலை கட்டாயம் வேண்டும். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இன்னொருவர் வீட்டு அறையில் இருந்தேன். மகனைக் கூப்பிடுவதென்றால் முதலில் ஒரு வீடு எடுக்க வேண்டுமே.

மூன்றாவது வெள்ளி. ஒரு கடிதத்தில் ஸ்ரீ முப்பத்தொரு இடத்தில் குறித்திருந்தாள். என் பிரதி சுத்த வெள்ளை.

"என்னங்க இது, ஒரு மார்க் கூட இல்லியே? படிக்கலையா?"

"வாசிச்சனான் மேடம். நாலு தரம் வாசிச்சனான்."

"அப்புறம்?"

"வீட்டில ஆட்டுக்குட்டி பிறந்திருக்காம். அம்மா வந்துதான் பேர் வைக்கோணுமாம், அதுவரைக்கும் ஒருத்தரும் வைக்கக் கூடாதாம்... அதுக்குப் பிறகு எனக்குப் பிழை ஒண்டும் தெரியேல்லை."

மேடம் அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"கீழேர்ந்து மேல படிங்க. கடைசி வாக்கியம் முதல்ல. அப்போ கதை உள்ள இழுக்காது, தப்பு மட்டும்தான் கண்ணுல படும். நாங்கல்லாம் அப்படித்தான் பண்றோம்."

அப்படியே செய்தேன். அதே கடிதத்தில் இருபத்தொன்பது பிழை! எனக்கே வெட்கமாகிவிட்டது. மாத முடிவில் வேலை உறுதியானது.

அன்றைக்கே மன்னாருக்குப் போன் போட்டு, மகனிடம் பெருமை அளந்தேன்.

"அம்மாக்கு வேலை சரி வந்திட்டுது அப்பன்! பிள்ளையள் அம்மாமாருக்கு எழுதுற கடிதத்தில பிழை பிடிக்கிற வேலை. ஒண்டும் என்ர கண்ணுக்குத் தப்பாது, தெரியுமோ?"

அதுவரை மாதம் ஒரு கடிதம் போட்டவன், அதற்குப் பிறகு போடவே இல்லை. வளர்ந்துவிட்டான், இனி விளையாட்டுத்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் அவனும் வந்து சேர்ந்தான்.

இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறதாம். நான் பக்கத்து ஊரான லவாலில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மகன் என்னைவிட உயரம். நண்பர்களோடு பிரெஞ்சு, என்னோடு தமிழ்... அதையும் எழுத மாட்டான், அனுப்புவதெல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். போன மாதம் மெட்ரோவில் வரும்போது சும்மா கேட்டேன்.

"ஏனடா, அப்ப எனக்குக் கடிதம் எழுதுறதை விட்டனீ?"

"நீங்கதானேம்மா பிழை பிடிக்கிற வேலை எண்டு சொன்னீங்கள்," என்று சிரித்தான். "எனக்கு எழுதேக்க நிறையப் பிழை வரும். பிழை இல்லாமல் எழுதப் பழகிப்போட்டு பேந்து அனுப்புவம் எண்டு இருந்தனான்."

என்னால் சிரிக்க முடியவில்லை.

அவன் முன்பு எழுதிய கடிதங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எத்தனை தரம் வாசித்திருப்பேன்... அவற்றில் பிழை இருந்ததா என்று கேட்டால் எனக்கு இன்றுவரை தெரியாது. அதை அன்றைக்குப் போனிலேயே அவனிடம் சொல்லியிருக்கலாம்.