என் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல்காரனுக்குக் கை சும்மாதான் இருக்கும். பாடெல்லாம் வலது காலுக்குத்தான். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்கப்போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சிவப்புத் திரை

ராமநாதபுரத்தில் எங்கள் ஸ்கூலுக்கு ஆசையாசையாக ஒரு சிமுலேட்டர் வாங்கினேன். திரையில் சாலை ஓடும், உட்கார்ந்த இடத்திலேயே ஸ்டீயரிங் பிடித்துப் பழகலாம். எதிலாவது இடித்தால் திரை முழுக்கச் சிவந்து சைரன் அலறும்.

அதில் முதலில் உட்கார்ந்தவர் தங்கச்சிமடத்து அந்தோணியம்மாள், கருவாட்டு வியாபாரி. கணவருக்குப் பார்வை மங்கிவிட்டதால் அவர்களுடைய சின்ன சரக்கு வண்டி, குட்டியானை, வாசலில் நின்றது. கூலிக்கு வைத்த டிரைவர் நினைத்தால் வருவார். அந்தோணியம்மாள் ஓட்டப் பழகாவிட்டால் வண்டியை விற்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வண்டி போனால் வியாபாரமும் போச்சு. அப்படியிருந்தும், இரண்டாவது சைரனுக்கே சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"சாகுறதப் பழகவா சார் இங்கன வந்தேன்? நான் போயிட்டு வாரேன்."

சத்தமில்லாமல்

கற்றுக்கொள்ள வந்தவரை விரட்டவா இவ்வளவு பெரிய மெஷின்? விற்ற ஆளைக் கூப்பிட்டு, இடித்தால் வண்டி பேசாமல் நிற்கட்டும், அது போதும் என்றேன். முனகிக்கொண்டே மாற்றிக்கொடுத்தார்.

அந்தோணியம்மாளைக் கெஞ்சி வரவழைத்தேன். இடித்தார், பின்னால் எடுத்தார், மறுபடி இடித்தார். எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் திரை அணைந்தபோதுதான் என் பக்கம் திரும்பினார்.

"கரண்டு போயிருச்சே சார். இல்லாட்டி இன்னும் ஒரு ரவுண்டு போயிருப்பேன்."

ஆடு குறுக்கே வந்தது

பிறகு காரில் ரோட்டுக்கு வந்தோம். பயிற்சி கார் என்பதால் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தத் தைரியத்தில் அருமையாக ஓட்டினார். என் மாணவி என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

உச்சிப்புளி அருகே ஓர் ஆடு குறுக்கே ஓடியது. வழக்கம்போல நான் மிதித்து நிறுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன், அவர் கால் பிரேக் பக்கம் போகவே இல்லை. முந்தின நாட்களிலும் போயிருக்காது. ஏன் மிதிக்கவில்லை என்று கேட்டேன்.

"அது உங்க வேலைன்னுல்ல நெனச்சேன்?"

பாம்பன் பாலம்

மிரட்டினால் எழுந்து போகிறார், தாங்கிப் பிடித்தால் கற்கமாட்டேன் என்கிறார். கடைசியில் 'எல்' போர்டு மாட்டி, அவருடைய குட்டியானையிலேயே ஏறினேன். அதில் என் பக்கம் பிரேக் கிடையாது, வெறும் தகரம்தான்.

பாலத்தில் காற்று வண்டியைத் தள்ளியது. நடுப்பாலத்தில் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், போனைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து எங்கள் முன் வந்துவிட்டார். இரண்டு காலாலும் தகரத்தை ஓங்கி மிதித்தேன். வண்டி அலுங்காமல் நின்றது. நிறுத்தியது அந்தோணியம்மாள்! சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ என் காலைத்தான் பார்த்தார்.

"மிதிச்சு ஓட்டை போட்டுறாதீக சார். பிரேக்கு என் பக்கந்தான் இருக்கு."

லைசென்ஸ் வாங்கி அவர் தனியாகவே சந்தைக்குக் கருவாடு கொண்டுவருகிறார். மிதிக்காமல் உட்கார்ந்திருக்க நான்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.