சொட்டுக்கு வலப்பக்கம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊரில் பெயர் வாஷர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும்தான் இருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் பிளம்பர் வேலை பார்த்தவர். எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "வாஷர் போயிருக்கும்" என்பார். பாதிக்குப் பாதி அது சரியாகவும் இருக்கும். பழக்கம் முற்றிப்போய், என் முழங்கால் வலிக்கும் ஒருநாள் அதையேதான் சொன்னார். "மச்சினி, உனக்கு வாஷர் போயிருக்கு." நான் சும்மா விடுவேனா? அன்றைக்கு அவர் காபி குடிக்காமலே எழுந்து போகும்படி ஆனது.

ஒழுகும் சத்தம் கேட்டால் அந்த மனிதரால் உட்கார முடியாது. அவர் கை தானாகப் போய் முறுக்கிவிடும். ஒருமுறை எல்லாரும் சினிமாவுக்குப் போனோம். இடைவேளையில் எழுந்து போனவர் படம் முடியும்போதுதான் திரும்பி வந்தார். கழிவறையில் நாலு குழாய் ஒழுகியதாம். கதாநாயகன் செத்ததுகூட அவருக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவர் கட்டிய வீடு எப்படி இருக்கும்? இடித்த வீடுகளில் வாங்கிய ஜன்னல், பழைய செங்கல், கூரையிலிருந்து நேராகத் தொட்டிக்கு இறங்கும் மழைநீர்க் குழாய். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் கல்வாழைப் பாத்தி வழியாக ஓடித் தெளிந்து, பின்பக்கக் குட்டையில் போய்ச் சேரும். குட்டையிலிருந்து தோட்டத்துக்குப் போகும். ஒரு கல்லூரியிலிருந்து நாலு பேர் வந்து படம் பிடித்து, இதற்குப் பெயர் சஸ்டைனபிள் வீடு என்றார்கள். "சஸ்டைனபிளோ கிஸ்டைனபிளோ, நம்ம தண்ணி தெருவுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதாங்க" என்று அவர்களை அனுப்பி வைத்தார்.

தண்ணீர் அவருடையது என்றால் மண் என் அக்காவுடையது. அவரை, பாகல், தக்காளி, நாலு எலுமிச்சை என்று அந்தப் பின்கட்டில் அவள் கை படாத செடி கிடையாது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் எழுந்ததும் அவள் தேடிப்போவது அந்தச் செடிகளைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. முதலில் கண்ணாடி மாற்றினார்கள், பிறகு சொட்டு மருந்து. கடைசியில் ஒரு டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, கண் நரம்பு போய்விட்டது, போன பார்வை திரும்பாது, வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சும் என்றார். அத்தான் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், உள்ள வாஷர் மாதிரி ஏதாவது... மாத்திப் பாக்க முடியாதுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். "முடியாதுங்க" என்றார்.

நான் சும்மா இருக்கிற ரகம் இல்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த ஃபிளாட் காலியாக இருந்தது. "வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் வந்துடுங்க. மூணு ரூம், தரை முழுக்க டைல்ஸ், தடுக்க ஒண்ணும் இல்ல. தோட்டம் போதும்" என்றேன்.

"டைல்ஸ்ல அவரையை எங்கடி நடுறது?" என்றாள் அக்கா.

"கண்ணு தெரியாம குட்டையில விழுந்து வெச்சா யாரு பாக்கிறது?"

"நான் விழுந்தா வரேன். அதுவரைக்கும் என்னை விடு. யாரும் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகவும் வேண்டாம்." கடைசி வார்த்தையை அத்தான் இருந்த பக்கம் திரும்பிச் சொன்னாள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவர் அவள் முழங்கையைப் பிடித்தபடி பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கண் போனால் என்ன, காது இருக்கிறதே! தோட்டத்தில் இடத்துக்கு ஒரு தண்ணீர்ச் சத்தம் வைத்துவிட்டால், சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவளே நடந்துவிடுவாள்.

முதலில் கடையில் விற்கிற சிமென்ட் மீன் ஒன்றை வாங்கிவந்து குட்டை ஓரத்தில் வைத்தார். அதன் வாயிலிருந்து தண்ணீர் விழும். அக்கா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். "என்னங்க இது, யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி இருக்கு?" மீன் மறுநாளே துணி துவைக்கிற கல்லுக்கு முட்டுக்கொடுக்கப் போனது. அடுத்து மூன்று இடத்தில் மூன்று குழாய் வைத்தார். மூன்றும் அரை இஞ்ச். அவர் கையில் எது வந்தாலும் அரை இஞ்ச்தான். மூன்று சத்தமும் ஒன்றுபோலக் கேட்டு, அக்கா எலுமிச்சை முள்ளில் போய் முட்டினாள். நான் போட்ட சத்தம் அந்த மூன்றையும் மிஞ்சியது.

பிறகு அவர் ஒரு வேலை செய்தார். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே தோட்டத்தில் நடந்தார். ஒரு வாரம். முட்டியில் சிராய்ப்பு, நெற்றியில் ஒரு புடைப்பு. அந்த ஒரு வாரத்தில்தான் விஷயம் பிடிபட்டது. தண்ணீர் விழும் இடத்தைப் பொறுத்துத்தான் சத்தம் மாறுகிறது. கல்வாழைப் பாத்தி வாயில் கூழாங்கல்லைக் கொட்டினார், அங்கே சலசல. குட்டையில் ஆழமாக விழ விட்டார். அங்கே களக் களக். சமையலறைப் பின்வாசலிலிருந்து பன்னிரண்டு அடியில், பாதை திரும்பும் முக்கில், ஒரு பானையைக் கவிழ்த்து அதன் முதுகில் ஒரு குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ வைத்தார். விழுகிற தண்ணீர் வழிந்து அவரைப் பாத்திக்குப் போகும். வீணாவது கிடையாது.

பாத்தியும் குட்டையும் சோலார் மோட்டாரில் ஓடுபவை. வெயில் வந்தால்தான் பேசும். முக்கில் இருக்கிற சொட்டு மட்டும் மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்குவது. விடிந்ததும் தோட்டத்தில் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான்.

அக்காவுக்கு அவையே விலாசமாகிவிட்டன. "தக்காளி எங்கக்கா?" என்று கேட்டால், "சலசலைக்கு இந்தப் பக்கம்" என்பாள். "அவரை?" "சொட்டுக்கு வலப்பக்கம்." தனியாகப் போய்ப் பறித்துக்கொண்டு தனியாக வந்தாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த ஃபிளாட்டை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று அதன் சொந்தக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை அத்தானிடமிருந்து போன். "உடனே வா." பதறியடித்து ஓடினேன். அக்கா பின்வாசல் படியில் இடுப்புவரை சேறும் பாசியுமாக உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ரத்தம். முக்கில் திரும்பாமல் நேரே நடந்து குட்டைக்குள் கால் வைத்துவிட்டாள். தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றாலும் விழுந்தது விழுந்ததுதானே.

"சொன்னேனா இல்லையா!" என்று ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். கடைசியில் அத்தான், "மச்சினி சொல்றதும் சரிதான். போயிடலாம். இந்தக் குழாய் வித்தையெல்லாம் சரிப்படாது" என்றார். அந்த மனிதர் தோற்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா காயத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க, இன்னைக்குச் சொட்டு ஏன் கேக்கல?"

நான் எழுந்து முக்குக்குப் போய்ப் பார்த்தேன். பானை முதுகு காய்ந்து கிடந்தது. குழாய் இறுக்கி மூடியிருந்தது. இப்படி இறுக்க ஊரிலேயே ஒரு கைதான் உண்டு.

"காலையில பல் தேய்ச்சுக்கிட்டே அந்தப் பக்கம் போனேன்" என்றார் அத்தான். குரல் உடைந்துவிட்டது. "சத்தம் கேட்டுது... கை போயிடுச்சும்மா. மூடினதே எனக்குத் தெரியல. உனக்காக வெச்சதை நானே..." அதற்கு மேல் பேச முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் அப்படியொரு தெளிவு.

"அப்ப நான் வழி தப்பல" என்றாள். "நீங்கதான் வழியை மூடிட்டீங்க. ஏய், கேட்டியாடி? நான் சரியாத்தான் நடந்திருக்கேன்!"

நான் அத்தோடு திட்டுவதை நிறுத்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

அன்றைக்கே அத்தான் ரெஞ்ச்சை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழாயைக் கழற்றி எறிந்தார். வெறும் பைப்பின் வாயை நசுக்கி, சொட்டு மட்டும் விழும்படி இடுக்கு விட்டார். திருகு கிடையாது, கைப்பிடி கிடையாது. மூட நினைத்தாலும் மூட முடியாது. "இப்படி ஒரு வேலையை வேற எவனாவது செஞ்சிருந்தா வாயில வந்தபடி திட்டியிருப்பேன்" என்றார்.

போன வாரம் நான் போயிருந்தபோது அவருடைய பழைய கூட்டாளியான பெயின்டர் வந்திருந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர் முக்கில் நின்று, "என்ன வாஷர், உன் வீட்லயே ஒழுகுது?" என்றார்.

"ஒழுகட்டும்" என்றார் அத்தான்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. சொல்லும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருவரும் வாசல் பக்கம் போன பிறகு நான் பானைக்கு முன்னால் நின்று அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஃபிளாட்டை வேறு யாரோ கேட்கிறார்கள், கொடுத்துவிடச் சொல்வதா வேண்டாமா என்று ஓடிக்கொண்டிருந்தது மனம். அப்போது அக்கா கூடையோடு பின்வாசலிலிருந்து வந்தாள். பன்னிரண்டாவது அடிக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"யாரு அது, சொட்டை மறைச்சுக்கிட்டு? நீதானே? வேற யாரு இப்படி வழியில நிப்பா! நகருடி."

நான் நகர்ந்து நின்றேன். அவள் ஒரு நொடி காது கொடுத்தாள். பிறகு வலப்பக்கம் திரும்பி அவரைப் பந்தலுக்குப் போனாள்.